பதினொரு மணிக்கு வைத்த குறிவெடி

சவனூர்ச் சண்டையை நான் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருஷம் படிப்பித்தேன். பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பரிசோதகர் படியேறும் சத்தம் கேட்டால் மாணவர்கள் சட்டென்று பிரெஞ்சுப் புரட்சிக்குத் தாவிவிடுவார்கள். அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். எனக்கு அந்தச் சண்டைமேல் ஒரு பித்து. எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்போர்னுக்கு வந்த பிறகும் அது தெளியவில்லை. வகுப்பறைதான் கிடைக்கவில்லை, ஆகவே குசினி மேசையில் படிப்பித்தேன்.

சட்டிமூடியைக் கவிழ்த்து வைத்தால் அது மராட்டியரின் முகாம். பக்கத்தில் ஒரு கோப்பை, அவர்களோடு சேர்ந்த ஐதராபாத் படை. நாலு செத்தல் மிளகாய், மைசூர் சுல்தானின் நாலு படைப்பிரிவு. காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பகலில் நேருக்கு நேர் போனால் மராட்டியக் குதிரைப்படை மிதித்துவிடும் என்று சுல்தானுக்குத் தெரியும். ஆகவே இரவில் போகத் தீர்மானிக்கிறான். நாலு பிரிவும் நாலு வழியால் போகவேண்டும். முகாமை நெருங்கியதும் அவன் ஒரு பீரங்கியால் குறிவெடி வைப்பான். மற்ற மூன்று பிரிவும் பதில் வெடி வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பாயவேண்டும். இதுதான் ஏற்பாடு.

போகிறான். மழை இருட்டு. வெடி வைக்கிறான். காதைக் கொடுத்துக் கேட்கிறான். வரவேண்டிய பதில் வரவில்லை. வெளிச்சம் வந்து திரும்பிப் பார்த்தால் அவனோடு நிற்பது சில நூறு பேர். முன்னால் இருந்த முகாம் வெறுமையாகக் கிடக்கிறது. மராட்டியர் முதலே எழும்பிப் பின்னாலிருந்த மேட்டில் போய் நிற்கிறார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும், ஆனால் சாரம் இதுதான்.

இந்த இடத்தில் என் சிநேகிதன் எப்போதும் கேட்பான்.

“காட்டிக்குடுத்தது ஆர் காணும்?”

“ஒருத்தரும் இல்லை ஐசே. இருட்டு, மழை, சேறு. மூண்டு பிரிவும் வழி தவறிப்போச்சு. அவ்வளவுதான்.”

“சும்மா விடும். மராட்டியனுக்கு ஆரோ சொல்லாமல் அவன் என்னண்டு எழும்பிப் போவான்?”

“நாலு படை சேத்துக்குள்ளால வந்தால் சத்தம் கேளாதே? எல்லாத்துக்கும் ஒரு துரோகியைத் தேடாதையும். மனுசன் இருட்டில வழி தவறுவான். அதுக்குப் பேர் துரோகம் இல்லை.”

இதை நான் எவ்வளவு பெருமையாகச் சொல்வேன் தெரியுமா? மற்ற வரலாற்று வாத்திகள் தோல்வி என்றால் உடனே ஒரு துரோகியைக் கண்டுபிடித்து மாணவர்களுக்குக் காட்டுவார்கள். நான் அப்படியில்லை, நான் நியாயஸ்தன். இருட்டின் பக்கம் நின்று வழக்காடிய பேயன் நான்.

அந்த மேசையில் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் இலங்கையில் பட்டம் பெற்றுப் படிப்பித்தவர்கள். ஆசிரியர்களுக்குள் ஆளைப் பாடத்தால் கூப்பிடுவது வழக்கமென்பதால் என்னை ‘சரித்திரம்’ என்பார்கள். என் சிநேகிதன் ‘பூமிசாஸ்திரம்’. அவனும் நானும் ஒரே விமானத்தில் வந்து, குடும்பங்கள் வரும்வரை ஒரே அறையில் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். மூன்றாவது ஆள் ‘கணக்கு’. பயந்த மனிதர், எதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பவர். நாலாவது விஞ்ஞான ரீச்சர். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஊசி குத்தும்.

இங்கே எங்கள் பட்டத்தை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பூமிசாஸ்திரம் பிஸ்கட் தொழிற்சாலை. கணக்கர் ஒரு களஞ்சியத்தில், ரீச்சர் ஆஸ்பத்திரிச் சலவையில். என் வீடு கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடியும் இடத்திலிருந்து கால் மணித்தியால நடை. வாடகை வீடு. காலையில் ரயிலில் இருக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள். அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொண்டே போவேன். எனக்கு வேறு ஆசை இல்லை. கையில் வெண்கட்டியோடு மறுபடி ஒரு வகுப்புக்கு முன்னால் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த மார்கழியில் நாலு பேருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த அலுவலகத்திலிருந்து. ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நேரில் வரவேண்டுமாம். வகுப்பு உதவியாளர் வேலை தருவார்களாம். படம் ஒட்டுவது, கரும்பலகை துடைப்பது, பிள்ளைகளின் மூக்குத் துடைப்பது. அதற்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் பட்டமும் பயிற்சியும் இங்கே ஆசிரியத் தகுதி ஆகாது என்று நாங்களே ஒப்புக்கொள்ளும் பத்திரம்.

எனக்கு மண்டை கொதித்தது. “மண்ணாங்கட்டி! பன்னிரண்டு வருஷம் படிப்பிச்ச நான் படிப்பிக்கத் தெரியாதவன் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ?” என்று மேசையில் குத்தினேன்.

திட்டம் போட்டது நான்தான். நாலு பேரும் சேர்ந்து போவோம், சேர்ந்து மறுப்போம். ‘ஒரு வருஷப் பயிற்சி தாருங்கள், நாலு பேரையும் எடுங்கள், அதன்பிறகு ஆசிரியராகவே வருகிறோம்’ என்போம். பள்ளிக்கூடங்களில் அப்போது ஆசிரியர் தட்டுப்பாடு. ஒருவன் மறுத்தால் தூக்கிக் குப்பையில் போடுவார்கள், நாலு பேர் சேர்ந்து மறுத்தால் யோசிப்பார்கள். ரீச்சர் சம்மதித்தார். பூமிசாஸ்திரம் என் முதுகில் தட்டி, “மைசூர்ப் படை வெளிக்கிட்டுட்டுது” என்று சிரித்தான். கணக்கர்தான் தயங்கினார். “எனக்குப் பயமாக் கிடக்கு. அவங்கள் ஒண்டும் தராமல் விட்டால்?” என்றார்.

பிறகு அவருக்கு இன்னொரு பயம் வந்தது. வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

“அந்த நேரத்தில நான் அங்க கால் வைக்கமாட்டன்.”

“எந்த மணிக்கூட்டின்ர பத்தரை?” என்று ரீச்சர் கேட்டார்.

அவ்வளவுதான், சண்டை தொடங்கியது. கணக்கருக்குச் சுவர் மணிக்கூடுதான் பிரமாணம். ரீச்சருக்கு மணிக்கூடு முக்கியமில்லை, சூரியன்தான் முக்கியம்; இங்கே கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைக்கிறார்களே, ராகுவுக்கு அது தெரியுமா என்றார். என் மனைவி தோசை சுட்டுக்கொண்டு நின்றவள், “பஞ்சாங்கம் ஊரில அடிச்சது. ஊரில பத்தரை எண்டால் இஞ்ச பின்னேரம் நாலு மணி. நீங்கள் காலமை முழுக்கப் பயமில்லாமல் போகலாம்” என்று தன் தீர்ப்பைச் சொன்னாள். தோசை கருகியதுதான் மிச்சம். கடைசியில் பூமிசாஸ்திரம் கையை உயர்த்தினான்.

“ஒன்பது மணிக்கே போவம். எந்தக் கணக்கிலயும் அந்த நேரத்தில ராகு இல்லை. ஒன்பதுக்கு வாசல் படியில நாலு பேரும்.”

எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வியாழக்கிழமை பின்னேரம். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டார். எடுத்தால் பூமிசாஸ்திரம்.

“ஐசே, நான் இருந்து வடிவாக் கணக்குப் பாத்தனான். கோடையில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் மாத்தியிருக்கிறாங்கள் எல்லே? அப்ப ராகு காலம் ஒன்பதரையிலயிருந்து பதினொண்டு. நாங்கள் ஒன்பதுக்குப் போனாலும் அவங்கள் இருத்தி வைச்சிட்டு நட்ட நடு ராகு காலத்திலதான் கூப்பிடுவாங்கள். கணக்கு மனுசன் பயத்தில அங்கயே கையெழுத்து வைச்சிடும். பதினொண்டுக்குப் போவம்.”

“மற்ற ரெண்டு பேருக்கும்?”

“நான் சொல்லுறன். நீர் யோசியாதையும்.”

பூமிசாஸ்திர மாஸ்டர் சொல்கிறார், சூரியனும் நேரமும் அவருடைய பாடம். எனக்கு ராகுவில் பெரிய நம்பிக்கையும் கிடையாது. ‘ஓம்’ என்று சொல்லிவிட்டு வந்து சட்டையை அழுத்தி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கே நான் படியில் நின்றேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கோட்டும் சூட்டும், ஜனவரிக் கோடை வெயில். பதினொன்று ஆகியது. ஒருவரும் இல்லை. பதினொன்று பத்து. ட்ராம்களிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு கறுத்த தலையையும் எட்டிப் பார்த்தேன். கால் மணித்தியாலம் நின்றுவிட்டு, உள்ளே போய்விட்டார்களாக்கும் என்று நினைத்து நானும் போனேன்.

அதிகாரி நல்ல மரியாதையான மனிதர். கதிரையைக் காட்டினார். நான் வாயைத் திறக்க முதலே அவர் சொன்னார்: நீங்கள் நால்வரும் சேர்ந்து மறுக்கப்போவது எனக்குத் தெரியும், மற்ற மூவரும் காலையிலேயே வந்து கையெழுத்து வைத்துவிட்டார்கள், உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. சொல்லிவிட்டுப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார், மேலே பேனாவை வைத்தார்.

அவருடைய முகத்தில் நக்கல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் தயார்பண்ணி வைத்திருந்த ஆங்கிலப் பேச்சுக்கு இனி வேலையில்லை. அந்த நேரத்தில் ஒரு புத்திசாலி கையெழுத்து வைத்திருப்பான். நான் “நோ” என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே பூமிசாஸ்திரம் வீட்டுக்கு ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது.

“ஐசே, நான் பத்தரைக்கே வந்து உமக்காகக் காத்து நிண்டனான். கணக்கர் உள்ளயிருந்து வெளியில வாறார்! எல்லாரும் வைச்சாச்சு, சரித்திரமும் வைச்சிட்டார் எண்டார். நான் என்ன செய்ய? போய் வைச்சிட்டன். நீர் வைக்கேல்லை எண்டு தெரிஞ்சிருந்தால் வைச்சிருப்பனே?”

“கணக்கரோ அங்க எங்கட திட்டத்தைச் சொன்னது?”

அவன் தலையைக் குனிந்து, “விடும். இருட்டு. நீர்தானே சொல்லுவீர்” என்றான். என் மனைவி அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்! இதை எழுதும்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

அடுத்த கிழமை பொங்கல். இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, காஸ் அடுப்பில் பொங்கினோம். கணக்கர் மனைவியோடு வந்து தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். நான் போய் எல்லோர் முன்னிலையிலும் அவருடைய தட்டைத் தட்டிவிட்டேன்.

“காட்டிக்குடுத்த நாய்க்குப் பொங்கல் ஒரு கேடோ?”

மனிதர் திகைத்துப்போனார். பிறகு அவருக்கும் குரல் எழும்பியது. “ஆரைச் சொல்லுறீர்? நீர்தானே காணும் எல்லாருக்கும் முதல் போய்க் கையெழுத்து வைச்சனீர்! கள்ளனுக்கு வாயைப் பார்!”

அந்த வார்த்தையை நான் தெளிவாகக் கேட்டேன். சரித்திரம் படித்த மனிதன், ஆவணத்தை முன்னால் வைத்தால் ஆராயவேண்டியவன். நானோ, பொய்யையும் சொல்லி என்னையே திட்டுகிறானே என்று அவருடைய சட்டையைப் பிடித்தேன். பூமிசாஸ்திரம்தான் இடையில் வந்து என் கையை எடுத்துவிட்டு, தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனான். கணக்கரின் மனைவி நிலத்தில் சிந்திய பொங்கலை வழித்துக்கொண்டிருந்தார்.

மாசி மாதம் பள்ளிக்கூடங்கள் தொடங்கின. கணக்கரும் ரீச்சரும் உதவியாளர்களாகப் போனார்கள். பூமிசாஸ்திரத்துக்கு மட்டும் ஒரு வருஷப் பயிற்சி கிடைத்தது. “கடிதம் தானா வந்தது ஐசே, நான் கேக்கேல்லை” என்றான். எனக்கு வயிறு எரியாமல் இல்லை. ஆனாலும் அவனுக்குக் கிடைத்ததே என்று நினைத்தேன். அவனுடைய கட்டுரைகளுக்கு என் குறிப்புகளையெல்லாம் கொடுத்தேன். நான் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவான், மிளகாயை எடுத்து அடுக்கி, மறுபடி அந்தச் சண்டையைச் சொல்லச் சொல்வான். ஒன்று மட்டும் மாறியிருந்தது. காட்டிக்கொடுத்தது யார் என்று இப்போது அவன் கேட்பதில்லை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசி முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோடைக்காக மணிக்கூட்டை மாற்றுகிற நாள். நான் மறந்துபோனேன். மனைவி குசினியிலிருந்து, “இஞ்சருங்கோ, உந்த மணிக்கூட்டை இன்னும் மாத்தேல்லை” என்றாள். கதிரையில் ஏறிக் கழற்றினேன். சரியாகப் பத்தரையில் நின்றது. பெரிய முள்ளை ஒரு சுற்று முன்னுக்குச் சுற்றினேன். பதினொன்றரையில் வந்து நின்றது.

“அப்ப ராகு காலமும் இனி ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருமோ?” என்று அவள் கேட்டாள்.

“ஓம், பத்தரைக்கு வாறது பதினொண்டரைக்கு...” என்று சொல்லிக்கொண்டே போன நான் நின்றுவிட்டேன்.

பதினொன்றரை. ஒன்பதரை இல்லை. மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினால் ராகு காலம் பின்னுக்கு வரும். சூரியன் உதிக்கும் நேரம், அது இது என்று பார்த்தாலும் இன்னும் பிந்துமே தவிர முந்தாது. ஒன்பது மணிக்குப் போயிருந்தால் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் சுத்தமாக இருந்தது. அவன் கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருக்கிறான். யார்? ஒவ்வொரு வருஷமும் தோடம்பழத்தைப் பூமியாக்கிக் கோடு கீறி, எங்கே நேரம் முந்தும் எங்கே பிந்தும் என்று பிள்ளைகளுக்குக் காட்டியவன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கணக்கில் பிழை விடமாட்டான்.

மணிக்கூட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதிரையிலேயே நின்றேன். “என்ன, தலை சுத்துதோ?” என்று மனைவி கேட்டாள். ஓர் எளிய கூட்டல். சின்ன வகுப்புப் பிள்ளை செய்யும். ஒன்பது மாதமாக நான் அதைச் செய்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கவேண்டும்? சொன்னது அவனல்லவா!

ரீச்சரிடம் போனேன். வாசலிலேயே நின்று கேட்டேன், அன்று எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று.

“ஒன்பதுக்கு. பேசினபடி. அவர் எங்களுக்கு முதலே படியில நிண்டவர்.”

“ஆர்?”

“உங்கட சிநேகிதர். நீங்கள் எட்டரைக்கே தனிய வந்து, கதவைத் தட்டி உள்ள போய்க் கையெழுத்து வைச்சிட்டுப் போட்டீங்கள் எண்டு சொன்னவர். கணக்கர் அழுதிட்டார். இனி எங்களுக்கு என்ன கிடக்கு எண்டு நாங்களும் வைச்சம்.” என்னை உள்ளே கூப்பிடாமலே தொடர்ந்தார். “நீங்கள் வைக்கேல்லை எண்டு பிறகுதான் விளங்கினது. அதுக்குள்ள நீங்கள் பொங்கல் தட்டைத் தட்டிப்போட்டீங்கள். உங்களோட ஆர் வந்து கதைக்கிறது?”

அங்கிருந்து நேரே அவனுடைய வீட்டுக்கு. கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டான். மனைவியைப் பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னான். நான் கதிரையில் இருக்கவில்லை.

“ராகு காலம் எத்தினை மணிக்கு காணும்?”

“ஐசே, கூட்டுறதுக்குக் கழிச்சுப்போட்டன். மனுசன் பிழை விடுறதில்லையே?”

“கோதாரி பிடிப்பான்! எட்டரைக்கு நான் வந்ததும் கழிச்சதில வந்த பிழையோ?”

அவன் கதிரையில் குந்தினான். மெல்ல மெல்லச் சொன்னான். மார்கழியிலேயே தனியே போய் விசாரித்திருக்கிறான். பயிற்சிக்கு ஓரிடம்தான் இருக்கிறது, உங்களில் யோசித்து நடப்பவருக்கு அது கிடைக்கலாம் என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். இவன் எங்கள் திட்டத்தைச் சொல்லியிருக்கிறான். “நீர் வந்து பேசத் தொடங்கினால் மற்ற ரெண்டு பேரும் உம்மோட நிப்பினம். நானும் நிண்டிருப்பன். அதுதான் உம்மைப் பிந்த வைச்சனான்” என்றான். சொல்லும்போது அழுதான். அழுதது உண்மை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த அழுகையால் எனக்கு என்ன பிரயோசனம்? தேத்தண்ணி வந்தது. அந்த வீட்டில் நான் குடிக்காமல் விட்ட முதல் தேத்தண்ணி அது.

கணக்கரிடமும் போனேன். அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “ராகு காலம் பாத்துத்தான் வந்தனீரோ?” என்றார். பிறகு உள்ளே விட்டார். மன்னிப்புக் கேட்டேன். காலில் விழவும் தயாராகத்தான் போனேன். அவர் தலையாட்டினார், தண்ணீர் தந்தார். அவருடைய மனைவி அறையைவிட்டு வெளியே வரவில்லை. அதன்பிறகு அவர்கள் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவேயில்லை, நானும் கூப்பிடவில்லை.

அடுத்த மாசியில் பூமிசாஸ்திரத்துக்கு முழு ஆசிரியர் நியமனம் வந்தது. கிளென் வேவர்லிப் பக்கத்திலிருந்த உயர்பள்ளி. என் மகள் படித்த அதே பள்ளிக்கூடம். முதல்நாள் வந்து சொன்னாள், “அப்பா, அங்கிள் இப்ப எங்கட சோஷியல் ஸ்டடீஸ் சேர்.” அவளுக்குப் பதின்மூன்று வயது. அங்கிள் ஏன் இப்போது வீட்டுக்கு வருவதில்லை என்று நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. பிள்ளையின் படிப்புக்குள் நம்முடைய நாற்றத்தைக் கொண்டுபோகக்கூடாது என்று மனைவி சொன்னாள். நானும் ஓமென்றேன். காலையில் அவளை ரயில் நிலையம்வரை கூட்டிக்கொண்டுபோய்விட்டு, நான் தொழிற்சாலைக்கு ஏறினேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் கொப்பியோடு ஓடி வந்தாள்.

“அப்பா, இண்டைக்குச் சேர் ஒரு பட்டில், ஒரு சண்டை சொன்னவர். நைட் பட்டில்! மேசையில சில்லி எல்லாம் வைச்சுக் காட்டினவர். நாலு சில்லி. நீங்கள் வைக்கிற மாதிரியே.”

சப்பாத்துக் கயிறு கையில் சிக்கிக்கொண்டது. நான் நிமிரவில்லை.

“எல்லாருக்கும் சரியான விருப்பம். ஒரு பெட்டை கேட்டவள், ஆர் காட்டிக்குடுத்தது எண்டு. ஒருத்தரும் இல்லையாம். இருட்டு, மழை, சேறு. வழி தவறிப்போச்சாம். நாங்கள் அதைக் கொப்பியில எழுதினம். பாருங்கோ, சரி போட்டிருக்கிறார்.”

கொப்பியை நீட்டினாள். அவளுடைய வடிவான ஆங்கில எழுத்தில் என்னுடைய வசனம். கீழே சிவப்பு மையில் ஒரு சரி. அந்தச் சரியைப் போடுகிற கையாக இருக்கத்தான் நான் கடல் தாண்டியும் ஆசைப்பட்டேன். என் மிளகாய், என் சண்டை, என் நியாயம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அவன் அங்கே நிற்கிறான். பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சவனூரைப் பொறுத்தவரை அது இன்றைக்கும் என் கருத்துத்தான்.

“இதைத் தனக்கு ஒரு ஃப்ரெண்ட்தான் சொல்லித் தந்தவராம். தனக்குத் தெரிஞ்ச ஆக நல்ல ஹிஸ்டரி ரீச்சராம். அவர் எந்த ஸ்கூலில படிப்பிக்கிறார் எண்டு கேட்டம்.”

“என்ன சொன்னவர்?”

“அவர் படிப்பிக்கேல்லையாம். ஒருநாள் லேட்டா வந்தவராம். அவரும் வழி தவறிப்போனாராம்.” மகள் என்னைப் பார்த்தாள். “அது நீங்கள்தானே அப்பா? எங்க லொஸ்ட் ஆனீங்கள்?”

குசினியில் மனைவி கரண்டியை வைத்த சத்தம் கேட்டது. நான் சப்பாத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்தேன்.

“நான் தொலையேல்லைப் பிள்ளை. எனக்குச் சொன்ன இடத்துக்கு, சொன்ன நேரத்துக்குப் போனனான்.”

அவளுக்கு விளங்கவில்லை. பேனையை எடுத்து, “இதையும் கீழ எழுதட்டா?” என்று கேட்டாள்.

“எழுதத் தேவையில்லை. அது உங்கட சேருக்குத் தெரியும்.”